கார்க் கண்ணாடியை உடைக்கலாமா?

கோடைக்காலப் பிற்பகல். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு பெரிய அங்காடி. அதன் முன்னுள்ள வெட்டவெளியில் நூற்றுக்கணக்கான கார்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் பின் இருக்கையில் ஒரு நாய் இருக்கிறது. கதவுகள் பூட்டியிருக்கின்றன, கண்ணாடிகள் முழுவதும் ஏற்றப்பட்டிருக்கின்றன. நாய் நாக்கை நீளத் தொங்கவிட்டு வேகமாக இரைத்துக்கொண்டிருக்கிறது. காரின் சொந்தக்காரரைக் காணோம். அவ்வழியே போகும் ஒருவர் இதைப் பார்க்கிறார். அவர் என்ன செய்ய வேண்டும்? கார் பிறருடைய உடைமை. அதன் கண்ணாடியை உடைப்பது குற்றம். ஆனால் உள்ளே இருப்பது ஓர் உயிர்.

இந்தக் காட்சி நாம் விளக்கத்துக்காக எழுதியது. ஆனால் இது போன்றது அந்நாட்டில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. அங்குள்ள பல மாநிலச் சட்டமன்றங்கள் இதைப் பற்றி விவாதித்துச் சட்டமே இயற்றியுள்ளன. மேலோட்டமாகப் பார்த்தால் இது சட்டத்தையும் அறத்தையும் பற்றிய கேள்வி. ஆயினும் வழக்கறிஞர் பேசுவதற்கு முன்னால் வெப்பமானியும் கடிகாரமும் பேசியாக வேண்டும். மாணவர்களே, அவை இரண்டும் என்ன சொல்கின்றன என்று முதலில் பார்ப்போம்.

சோசூர் செய்த வெப்பப் பெட்டி

கார் தோன்றுவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, 1767-இல், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் த சோசூர் என்னும் அறிஞர் ஒரு சோதனை செய்தார். கண்ணாடியாலான பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வெயிலில் வைத்தார். உள்ளே இருந்த பெட்டியின் வெப்பநிலை 87° செல்சியசுக்கு மேல் ஏறிற்று. பின்னர் உட்புறம் கறுப்பாக்கி, சுற்றிலும் வெப்பம் கடத்தாப் பொருள் வைத்து, மேலே கண்ணாடிகள் பொருத்திய மரப்பெட்டி ஒன்றைச் செய்தார். அதில் நீரின் கொதிநிலையையும் தாண்டிய வெப்பநிலை கிடைத்தது. நெருப்பு இல்லை, விறகு இல்லை, வெயில் மட்டுமே.

சோசூர் இதோடு நிற்கவில்லை. அந்தப் பெட்டியைக் குளிர்ந்த மலை உச்சிக்கும் எடுத்துச் சென்றார். வெளிக்காற்று குளிர்ந்திருந்தும் பெட்டியின் உட்புறம் ஏறக்குறைய சமவெளியில் சூடான அளவுக்கே சூடாயிற்று. பெட்டியின் சூட்டைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது வெளிக்காற்றன்று, உள்ளே நுழையும் வெயிலே என்பது இதனால் விளங்கிற்று. “இன்று அவ்வளவு வெக்கை இல்லையே” என்று சொல்லிக் காரைப் பூட்டிச் செல்பவர் நினைவில் கொள்ள வேண்டிய பாடம் இது. வெயிலில் நிற்கும் காரும் சோசூரின் பெட்டிதான், சக்கரங்கள்தாம் கூடுதல்.

சிறைப்படுவது எது?

சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500° செ. வெப்பநிலையில் உள்ளது. ஆதலால் அதன் ஆற்றலில் பெரும்பகுதி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியாகவும் அதை அடுத்துள்ள குறுகிய அகச்சிவப்புக் கதிர்களாகவும் வருகிறது. கண்ணாடி இவற்றைத் தடையின்றி உள்ளே விடும். உள்ளே கறுத்த டாஷ்போர்டும் இருக்கைகளும் இவற்றை உட்கவர்ந்து சூடேறுகின்றன. சூடான டாஷ்போர்டும் கதிர் வீசுகிறது. ஆனால் அதன் வெப்பநிலை குறைவாதலால் அக்கதிர்களின் அலைநீளம் சூரிய ஒளியினுடையதைப் போலப் பல மடங்கு அதிகம். இந்த நீண்ட அகச்சிவப்புக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை.

பல நூல்கள் விளக்கத்தை இங்கேயே முடித்துவிடும். இது உண்மையின் சிறு பகுதியே. 1909-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் இரண்டு சிறு பெட்டிகளைச் செய்தார். ஒன்றைக் கண்ணாடித் தகட்டால் மூடினார். மற்றதைப் பாறை உப்புத் தகட்டால் மூடினார். பாறை உப்பு நீண்ட அகச்சிவப்புக் கதிர்களையும் வெளியே விட்டுவிடும். அப்படியானால் உப்புப் பெட்டி மிகவும் குளிர்ந்திருக்க வேண்டுமல்லவா? இரண்டும் ஏறத்தாழ 55° செ. வரை சூடேறின. இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறிதே.

இதன் பொருள் என்ன? முக்கியமாகச் சிறைப்படுவது கதிரன்று, காற்று. திறந்த வெளியில் தரை சூடானால் அதைத் தொடும் காற்று சூடாகி மேலெழும். குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். இதுவே வெப்பச் சலனம். மூடிய காரில் சூடான காற்று எங்கே போகும்? கூரையை முட்டி, மீண்டும் சூடான இருக்கைகளையே சுற்றி வருகிறது.

எத்தனை நிமிடம்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காருக்குள் உள்ள காற்றின் பருமன் சுமார் 3 கன மீட்டர். நிறை ஏறத்தாழ 3.5 கிலோகிராம். ஒரு கிலோகிராம் காற்றை 1° செ. சூடாக்க ஏறத்தாழ 1,000 ஜூல் வேண்டும். ஆகவே காரிலுள்ள காற்று முழுவதையும் 1° உயர்த்த 3,500 ஜூல் போதும். உச்சி வெயிலை நேராக எதிர்கொள்ளும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் வினாடிக்குச் சுமார் 1,000 ஜூல் ஆற்றல் விழுகிறது. கண்ணாடிகள் வழியே வினாடிக்கு 700 ஜூல் நுழைவதாகக் கொள்வோம். இது வீட்டு மின் இஸ்திரிப் பெட்டி ஒன்றின் திறனுக்குச் சமம். இந்த ஆற்றல் முழுவதும் காற்றுக்கே போனால், 5 வினாடிக்கு ஒரு டிகிரி வீதம் சூடு ஏறும்!

நல்லவேளையாக, அதன் பெரும்பகுதி இருக்கைகளையும் டாஷ்போர்டையும் உலோகத்தையும் சூடாக்கச் செலவாகிறது. கொஞ்சம் வெளியேயும் கசிகிறது. அதனால்தான் வினாடிக் கணக்கு நிமிடக் கணக்காகிறது. ஆனால் மணிக்கணக்காகிவிடுவதில்லை.

உண்மையில் அளந்து பார்த்தவர்கள் உண்டு. கலிபோர்னியாவில் ஒரு வானிலையாளரும் இரண்டு மருத்துவர்களும் சேர்ந்து, வெளி வெப்பநிலை 22° முதல் 36° செ. வரை இருந்த 16 நாள்களில் வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பநிலையை அளந்தனர். பூட்டிய கார்களில் குழந்தைகள் இறப்பதைத் தடுக்கும் நோக்கத்துடன் நடந்த ஆய்வு அது. முடிவுகள் 2005-இல் வெளிவந்தன. ஒரு மணி நேரத்தில் உள்வெப்பநிலை சராசரியாக 22° உயர்ந்தது. வெளியே 22° செ. என்ற இதமான நாளில்கூட உள்ளே 47° செ. வரை ஏறக்கூடும் என்று தெரிந்தது.

இதைவிட முக்கியமானது மற்றொரு முடிவு. ஒரு மணி நேரத்தில் ஏறும் வெப்பநிலையில் 80 விழுக்காடு முதல் அரைமணியிலேயே ஏறிவிடுகிறது. அக்குழுவிலிருந்த வானிலையாளர் ஜான் நல் தொகுத்த அளவுகளின்படி, முதல் 10 நிமிடத்திலேயே சுமார் 10° உயர்ந்துவிடுகிறது. வரைபடம் வரைந்தால் தொடக்கத்தில் செங்குத்தாக ஏறிப் பின்னர் மெல்லச் சாயும் வளைகோடு கிடைக்கும். உள்ளே சூடு கூடக் கூட வெளியே கசிவதும் கூடுவதே காரணம். “ஐந்தே நிமிடத்தில் வந்துவிடுவேன்” என்பவர், வளைகோட்டின் மிகச் செங்குத்தான பகுதியில்தான் தம் நாயை விட்டுச் செல்கிறார்.

கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தால்? அதையும் அந்த ஆய்வு சோதித்தது. ஒன்றரை அங்குலம் இறக்கி வைத்தபோது, ஒரு மணி நேரச் சராசரியாக, 5 நிமிடத்துக்கு 1.7° வீதம் ஏறிற்று. முழுவதும் மூடியபோது 1.9°. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சிறு இடுக்கின் வழியே காற்றோட்டம் போதிய அளவு நடைபெறுவதில்லை.

நிழல் உதவும், ஆனால் முழுப் பாதுகாப்பன்று. 2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் 38° செ.-க்கு மேற்பட்ட வெப்ப நாள்களில் நடந்தது. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் உட்காற்று சராசரியாக 47° செ.; டாஷ்போர்டு 69° செ. நிழலில் நின்ற கார்களில் உட்காற்று சுமார் 38° செ.; டாஷ்போர்டு 48° செ.

நாயின் உடலில் நடப்பது

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை சுமார் 38° முதல் 39° செ. வரை. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கும். வியர்வை ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். நாயின் தோலோ உரோமத்தால் மூடப்பட்டது. அதற்குக் குறிப்பிடத்தக்க வியர்வை பாதங்களில் மட்டுமே. ஆகவே அது வேகமாக இரைத்து, நாக்கிலும் வாயிலும் மூச்சுக் குழலிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்குகிறது. ஒரு கிராம் நீர் ஆவியானால் சுமார் 2,400 ஜூல் வெப்பம் நீங்கும். சிறந்த ஏற்பாடுதான்; ஆனால் சுற்றிலும் உலர்ந்த காற்று இருக்க வேண்டும். மூடிய காரில் நாய் விடும் மூச்சே ஈரப்பதத்தைக் கூட்டுகிறது. ஈரப்பதம் கூடக் கூட ஆவியாதல் குறைகிறது. மூக்கு குறுகிய பக், புல்டாக் போன்ற இனங்களுக்கு இரைப்பதே கடினம்.

இன்னொன்றும் நிகழ்கிறது. காற்றின் வெப்பநிலை 39° செ.-ஐத் தாண்டியதும் வெப்பம் பாயும் திசையே மாறிவிடுகிறது. அதுவரை உடலிலிருந்து காற்றுக்குப் போன வெப்பம், இப்போது காற்றிலிருந்தும் இருக்கையிலிருந்தும் உடலுக்குள் வருகிறது.

மீண்டும் ஒரு தோராயக் கணக்கு. 20 கிலோகிராம் எடையுள்ள நாய் ஓய்வாக இருக்கும்போதே அதன் உடலில் வினாடிக்குச் சுமார் 35 ஜூல் வெப்பம் உண்டாகிறது. அந்த உடலை 1° உயர்த்த ஏறத்தாழ 70,000 ஜூல் வேண்டும். வெப்பம் சிறிதும் வெளியேற முடியாவிட்டால் 2,000 வினாடியில், அதாவது 33 நிமிடத்தில், உடல் ஒரு டிகிரி சூடேறும். இதில் வெளியிலிருந்து வரும் வெப்பமும், இரைப்பதால் தசைகளில் உண்டாகும் வெப்பமும் சேரவில்லை. அவற்றால் இது இரு மடங்கானால், 17 நிமிடத்துக்கு ஒரு டிகிரி. உடல் வெப்பநிலை 41° செ.-ஐத் தாண்டினால் வெப்பத் தாக்கு என்னும் அபாய நிலை. இயல்பு நிலைக்கும் அபாயத்துக்கும் இடையே இருப்பது இரண்டே டிகிரி!

அந்நிலையின் அடையாளங்கள்: கட்டுக்கடங்காத இரைப்பு, மிகுந்த எச்சில், செக்கச் சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி, கடைசியாக மயக்கமும் வலிப்பும்.

சட்டம் வகுத்த வழி

கலிபோர்னியாவில் 2007 முதலே, உயிருக்கு ஆபத்தான சூட்டில் பிராணியைக் காரில் விட்டுச் செல்வது குற்றம். முதல் தடவை ஒரு பிராணிக்கு 100 டாலர் வரை அபராதம். ஆனால் கண்ணாடியை உடைத்து மீட்கும் உரிமை காவலர் போன்ற அலுவலர்களுக்கு மட்டுமே இருந்தது. 2017 ஜனவரி 1 முதல் அந்த உரிமை வழிப்போக்கருக்கும் கிடைத்தது. டென்னசி மாநிலம் 2015-இலும், புளோரிடா 2016-இலும் இதே வழியில் சென்றன. எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் இல்லை.

கலிபோர்னியச் சட்டம் கல்லை எடுத்து உடனே வீசச் சொல்லவில்லை. அது படிப்படியாக நிபந்தனைகள் விதிக்கிறது. கதவு உண்மையிலேயே பூட்டியிருக்கிறதா, வெளியே எடுக்க வேறு வழி இல்லையா என்று பார்க்க வேண்டும். பிராணிக்கு உடனடி ஆபத்து என்று நல்லெண்ணத்தோடு நம்ப வேண்டும். உடைப்பதற்கு முன்பே காவல்துறையையோ தீயணைப்புத் துறையையோ 911 என்னும் அவசர எண்ணையோ அழைத்திருக்க வேண்டும். தேவைக்கு மிஞ்சிய வலுவைப் பயன்படுத்தக் கூடாது. மீட்டபின் ஓடிப்போகாமல் பிராணியோடு பாதுகாப்பான இடத்தில் காத்திருந்து, வரும் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். இவ்வளவும் செய்தவர்மீது குற்ற வழக்கும் இல்லை, இழப்பீட்டு வழக்கும் இல்லை.

இந்தியானா மாநிலம் 2017-இல் வேறொரு சமரசம் கண்டது. அங்கே பிராணியை மீட்டவர், காரைப் பழுதுபார்க்கும் செலவில் பாதியைத் தர வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் காருக்கென்று தனிச்சட்டம் இல்லை. அங்கே 1971-ஆம் ஆண்டின் உடைமைச் சேதச் சட்டம் பொதுவாக ஒரு கேள்வி கேட்கிறது: நிலைமை தெரிந்திருந்தால் சொந்தக்காரரே இதற்குச் சம்மதித்திருப்பார் என்று உடைத்தவர் உண்மையாக நம்பினாரா? நம்பியிருந்தால் அது குற்றமாகாது. தம் நாயை நேசிக்கும் எவரும் கண்ணாடியா நாயா என்று கேட்டால் என்ன சொல்வார் என்பது தெரிந்ததே.

ஆட்சேபங்கள்

இச்சட்டங்களை ஆட்சேபிப்போர் சொல்வதையும் கேட்க வேண்டும். வழிப்போக்கர் தவறாக எண்ணிவிடலாம். நாய் இரைப்பதெல்லாம் ஆபத்தின் அறிகுறியன்று. இப்போது சில மின்சாரக் கார்களில், ஆளில்லாதபோதும் குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்கும். டெஸ்லா நிறுவனம் 2019-இல் நாய்களுக்கென்றே இத்தகைய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உள்வெப்பநிலை எவ்வளவு என்பதும் காரின் திரையில் பெரிய எழுத்தில் தெரியும். அதைப் படிக்காமல் கண்ணாடியை நொறுக்கினால் அது மீட்பாகாது. உடைந்த துண்டுகள் நாயையும் மீட்பவரையும் காயப்படுத்தலாம். பயந்த நாய் கடிக்கலாம்; சாலைக்கு ஓடி வண்டியில் அடிபடலாம்.

இவை நியாயமான ஆட்சேபங்கள். எனினும் இவை சொல்வது “உற்றுப் பார்” என்பதுதான். “சும்மா இரு” என்பதன்று. இங்கே இயற்பியல் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது. வழிப்போக்கர் பார்த்த நேரத்திலிருந்துதான் அவருடைய கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கார் எப்போது பூட்டப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு நிமிடமும் ஆகியிருக்கலாம். நாற்பது நிமிடமும் ஆகியிருக்கலாம். நாற்பது நிமிடம் என்றால் ஏற வேண்டிய சூட்டில் பெரும்பகுதி ஏறிவிட்டது. ஆகவே “இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம்” என்று தம் கடிகாரத்தை நம்புவது தவறு. அங்கே நம்பத்தக்க கடிகாரம் ஒன்றே. அது நாயின் உடல். நாய் விழிப்போடு எழுந்து நின்று பார்க்கிறது என்றால், அங்காடியின் ஒலிபெருக்கியில் கார் எண்ணைச் சொல்லிச் சொந்தக்காரரைத் தேடவும், காவலரை அழைக்கவும் நேரம் இருக்கிறது. தள்ளாடுகிறது, விழுந்துவிட்டது, கூப்பிட்டால் அசையவில்லை என்றால் நேரம் முடிந்துவிட்டது.

உடைத்த பிறகு

காரின் முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அது விரிசல் விடுமே தவிர எளிதில் வழிவிடாது. பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடி வேறு வகை. சூடாக்கித் திடீரெனக் குளிரவைத்து வலுவேற்றியது. அகன்ற பொருளால் அடித்தால் தாங்கும். கூர்முனையால் ஓரத்தில் அடித்தாலோ, விசை மிகச் சிறிய பரப்பில் குவிவதால் அழுத்தம் பல மடங்காகி, கண்ணாடி முழுவதும் சிறு சிறு துண்டுகளாக உதிரும். ஆகவே மீட்போர் பிராணிக்கு மிகத் தொலைவிலுள்ள பக்கக் கண்ணாடியையே தேர்ந்தெடுக்கிறார்கள். இது கண்ணையும் கையையும் காக்கத் தெரிந்த பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. மாணவர்கள் செய்ய வேண்டியது, தாமதிக்காமல் பெரியவர்களையும் காவலரையும் அழைப்பது.

கண்ணாடி உடைந்ததோடு அபாயம் நீங்கிவிடாது. உடல் இன்னும் சூடாகவே இருக்கும். நாயை நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை உடலில் ஊற்றி விசிற வேண்டும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் ஆவியாதல் விரைவாகும். ஈரத் துணியால் போர்த்திவிட்டால் காற்றோட்டம் தடைப்படும், துணியும் சூடாகிவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. முதலில் குளிர்வித்து, பிறகு கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

அப்படியானால் தலைப்பிலுள்ள கேள்விக்கு விடை என்ன? உடைக்கலாம், ஆனால் அது கடைசிப் படி. கதவை இழுத்துப் பார்ப்பது, உள்ளே உற்றுப் பார்ப்பது, சொந்தக்காரரைத் தேடுவது, காவலரை அழைப்பது ஆகிய படிகள் அதற்கு முன்னே உள்ளன. நாயின் நிலை மோசமாக இருந்தால், அந்தப் படிகளை நிமிடக் கணக்கில் கடந்தாக வேண்டும். உடைந்த கண்ணாடிக்கு மாற்றுக் கண்ணாடி கடையில் கிடைக்கும். இவ்வளவுக்கும் முந்திய முதற்படி சொந்தக்காரருடையது: நாயைக் காரில் விட்டுப் போகாமலிருப்பது. அந்தப் படிக்கு ஒரு காசும் செலவில்லை.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடி ஜாடிகளின் அடியில் கறுப்புக் காகிதம் விரியுங்கள். ஒவ்வொன்றிலும் பள்ளி ஆய்வகத்து வெப்பமானி ஒன்றை வையுங்கள். அதன் குமிழ்மீது நேர் வெயில் படாதபடி சிறு காகித மறைப்புச் செய்யுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது; வெடித்துவிடும். ஒரு ஜாடியை இறுக மூடுங்கள். இரண்டாவதன் மூடியைச் சற்றே விலக்கி வையுங்கள். மூன்றாவதைத் திறந்து விடுங்கள். மூன்றையும் வெயிலில் வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் அளவெடுத்து, வரைபடத் தாளில் வரையுங்கள். எந்த ஜாடியிலும் எறும்பைக்கூட விடாதீர்கள். மூடியைச் சற்றே விலக்கிய ஜாடியின் கோடு மற்ற இரண்டில் எதை ஒட்டிச் செல்கிறது? கோடு மிகச் செங்குத்தாக இருப்பது எந்த நிமிடங்களில்? விடையை உங்கள் வரைபடமே சொல்லும்.